திருமுன்றிலும் வசந்தகானமும்

(அட்டாளைச்சேனையில் நிகழ்த்தப்பெற்ற பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

மாரி வேளாண்மை வெட்டி முடிந்து, சூடுகளெல்லாம் அடிபட்டு, நெல் வீடு வந்து சேர்ந்து, கடன்காரரும் ஒருவாறு சமாதானமடைந்திருக்கும் இந்தப் பங்குனிக் கடைசியிலே என்னைப் பேச அழைத்த அன்பர்கள், பொருள் யாது என்று நான் வினவியபோது, "கனமாக எதுவும் வேண்டாம், இலேசாக, பாட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்றார்கள். அவர்கள் கேட்ட அந்த இலேசையே இன்று பேசுபொருளாக எடுத்துக்கொள்கிறேன். தெய்வ நினைவுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு புனிதத் தலத்தின் முன்றிலிலே, வசந்த காலத்தில், பலர் கூடி விளையாட்டாகவும் களிப்பாகவும் பாடுகின்ற பாட்டுக்கு இடமுண்டா, உண்டாயின் அந்த இடம் எத்தகையது என்பதே நான் உங்கள் முன் வைக்கும் வினா.

மேலைநாடுகளில், பனிக்காலம் நீங்கி மரங்கள் தளிர்க்கும் பருவத்திலே, நகரத்துப் பெரிய மண்டபங்களை விட்டு நாட்டுப்புறத்துச் சிறிய தேவாலயமொன்றைத் தேடிச் சென்று, இருபது முப்பது பேர் கொண்ட ஒரு பாடகர் குழுவினர், வாத்தியங்களின் துணையைப் பெரிதும் நாடாமலும் ஒலிபெருக்கியை அறவே நாடாமலும், ஒரு மாலைப்பொழுதைப் பாடிக் கழித்துவிட்டு வருவது நெடுநாளைய வழக்கம். 'சேம்பர் கொயர்' என்று அவர்கள் வழங்கும் இத்தகைய சிறு குழுவிலே தொழில்முறைப் பாடகர் சிலர் இருக்கவுங் கூடும். பெரும்பாலும் பள்ளிக்கூட ஆசிரியர், ஆஸ்பத்திரித் தாதி, வங்கி எழுதுவினைஞர், ஓய்வுபெற்ற தபாலதிபர் என்றிவ்வாறான சாமானியர்களே பாடுவார்கள். பெண்டிரின் உயர்ந்த குரல், தாழ்ந்த குரல், ஆடவரின் உயர்ந்த குரல், தாழ்ந்த குரல் என நான்கு கூறாகப் பிரிந்து, ஒவ்வொரு கூற்றாரும் தத்தமக்குரிய தனி மெட்டைப் பாட, அவை நான்கும் மோதாமல் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு செல்வதே அவர்களுடைய சங்கீதத்தின் சிறப்பு. ஆயினும் அவர்கள் அந்தத் தேவாலயத்திலே பாடுவன யாவும் தோத்திரங்கள் என்று நீங்கள் நினைத்தால் ஏமாந்து போவீர்கள். குயிலைப் பற்றியும், பூத்துக் கிடக்கும் புல்வெளியைப் பற்றியும், காதலியின் பின்னால் திரிந்து அலுத்துப்போன இடையனைப் பற்றியும், சில வேளை பூனையையும் கோழியையும் பற்றியுங்கூட, சிரிப்பு மூட்டும் பாட்டுகளை, தேவதூதர்களின் சித்திரங்கள் பார்த்திருக்க, அவர்கள் பாடுகிறார்கள். பாதிரியாரும் முன்வரிசையில் அமர்ந்து சிரிக்கிறார்.

இது நவீன காலத்தார் எடுத்துக்கொண்ட சுதந்திரம் என்று யாரேனும் கருதினால், அவர் ஆக்ஸ்போர்டு நகரத்து மோட்லின் கல்லூரியைப் பார்க்க வேண்டும். அக்கல்லூரிக் கோபுரத்தின் உயரம் 144 அடி. ஆண்டுதோறும் மே மாதம் முதலாந் தேதி காலை ஆறு மணிக்கு, கல்லூரித் தேவாலயத்தின் பாடகர் குழுவினர், சிறுவர் பதினாறு பேரும் வாலிபர் சிலருமாக, அந்தக் கோபுர உச்சியில் ஏறி நின்று, கீழே பாலத்திலும் வீதியிலும் திரண்டு நிற்கும் ஜனக்கூட்டம் கேட்கும்படி, முதலில் லத்தீன் மொழியில் இறைத்துதி ஒன்றைப் பாடுவார்கள், பிரார்த்தனை நடக்கும், அதன்பின் அதே வாயால் வசந்தத்தை வரவேற்கும் களிப்புப் பாட்டுகளைப் பாடுவார்கள். இவ்வழக்கத்துக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு வயது சொல்லப்படுகிறது. அக்காலத்தை ஒட்டி வாழ்ந்த தோமஸ் மோர்லி என்பவர், லண்டன் மாநகரத்துச் சென் போல் பேராலயத்திலே ஆர்கன் வாசித்தவர். தேவாராதனைக்குரிய கீதங்களை இயற்றிய அவரே, மே மாதத்து ஆட்டபாட்டங்களைப் பற்றி ஐந்து குரல்களுக்கு அமைத்த விளையாட்டுப் பாடல்களை 1595ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். அப்பாடல்களின் அடிகள் முடியுந்தோறும் 'ஃபா லா லா' என்ற பொருளற்ற அசைகள் துள்ளிவரும். கூத்துப் பழக்கும் நமது அண்ணாவிமார் 'தன்னானே' போடும் அதே காரியத்தை அவர் ஐந்து குரலில் செய்தார் என்பதற்கு மேல் அதைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலாந்தை இவ்வளவில் நிறுத்திவிட்டு, நமக்கு நெருக்கமான ஒரு தலத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். டில்லியிலே ஹஸ்ரத் நிஜாமுத்தீன் அவுலியா அவர்களின் தர்கா இருக்கிறது. 1238இல் பிறந்து 1325இல் மறைந்த அந்த மகானுக்கு மிகவும் அணுக்கமான சீடராயிருந்தவர், பாரசீகத்திலும் ஹிந்தவியிலும் ஒப்பற்ற கவியான அமீர் குஸ்ரு. மகானுக்கு உயிருக்குயிரான மருமகப்பிள்ளை ஒருவர் இளவயதிலே காலமாகிவிட, அவர் பேச்சையும் சிரிப்பையும் விட்டுத் துக்கத்தில் ஆழ்ந்துபோனார் என்றும், சீடர்கள் என்ன செய்தும் அவர் முகம் மலரவில்லை என்றும் தர்காவின் பரம்பரைக் கதை சொல்கிறது. அந்நாளில் ஒருநாள், வயலெல்லாம் கடுகுப் பூ மஞ்சளாய்ப் பூத்திருந்த வசந்த பஞ்சமியன்று, இந்துப் பெண்கள் மஞ்சள் ஆடை உடுத்தி, கையில் கடுகுப் பூங்கொத்து ஏந்தி, பாடிக்கொண்டு கோயிலுக்குப் போவதைக் குஸ்ரு கண்டார். கண்டவர், தாமும் பெண்களைப் போல மஞ்சள் ஆடையை உடுத்திக்கொண்டு, பூவும் கையுமாகப் பாடி ஆடியபடி குருநாதரின் முன் போய் நின்றார். அரசவையிலே சுல்தான்களுக்குக் கவி பாடிய பெரும்புலவர் சேலை உடுத்திக்கொண்டு நின்ற கோலத்தைக் கண்ட மகான், பல நாட்களுக்குப் பின் புன்முறுவல் செய்தார்.

அந்தப் புன்முறுவலின் ஞாபகமாக, இன்றுவரை ஆண்டுதோறும் வசந்த பஞ்சமியன்று, தர்காவின் கவ்வாலிப் பாடகர்கள் மஞ்சள் சால்வை தரித்து, கடுகுப் பூ ஏந்தி, குஸ்ரு பாடியனவாக வழங்கும் வசந்தப் பாட்டுகளைக் கூட்டாகப் பாடிக்கொண்டு, மகானின் சமாதிக்கும் குஸ்ருவின் சமாதிக்கும் செல்கிறார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் கைதட்டி வாங்கிப் பாடும் அந்தக் கூட்டிசையிலே கடுகு வயலும் உண்டு, குயிலும் உண்டு, கேலியும் உண்டு. அவற்றின் ஊடே இறைக்காதலும் உண்டு. குரு மறைந்த அதே 1325ஆம் ஆண்டிலேயே சீடரும் மறைந்தார், அருகருகே அடக்கமாகியிருக்கிறார்கள். அந்தச் சந்நிதியின் கண்ணியம் இப்பாட்டுகளால் எள்ளளவும் குறைந்ததாக எழுநூறு ஆண்டுகளாக எவரும் கண்டதில்லை. என்னைக் கேட்டால், துக்கத்தாற் கனத்துப்போன ஓர் உள்ளத்தை இலேசாக்குவதற்காகப் பிறந்த பாட்டு எவ்வளவு விளையாட்டாயிருந்தாலும் அது பக்திக்குப் புறம்பானதன்று என்றே சொல்வேன்.

சங்கீதத்தைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே அபிப்பிராய பேதம் நெடுங்காலமாக இருந்துவருவதை நான் அறியாதவனல்லன். அதிலே தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமுமல்லன். ஆயினும் ஸஹீஹுல் புகாரியிலே பதிவாகியிருக்கும் ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவூட்டாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெருநாளன்று ஆயிஷா நாயகி அவர்களின் வீட்டிலே இரண்டு சிறுமியர் பழைய போர்க்காலத்துப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருக்க, உள்ளே வந்த அபூபக்ர் சித்தீக் அவர்கள், நபியவர்களின் வீட்டில் இதுவோ என்று கடிந்துகொண்டார்கள். அங்கே இருந்த நபி பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களோ, ஒவ்வொரு சமூகத்தாருக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம்முடைய பெருநாள் என்னும் கருத்துப்பட மொழிந்து, அச்சிறுமியரை விட்டுவிடச் சொன்னார்கள். பெருநாளின் மகிழ்ச்சி வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட மேலான சான்றை நான் தேடப் போவதில்லை.

இனி நம்முடைய கரைக்கு வருவோம். அம்பாறை 1961இல் தனி மாவட்டமாகும் வரை நாம் மட்டக்களப்பின் தென்கூறாகவே இருந்தோம். அந்த மட்டக்களப்பு நாட்டுக்கு, மோட்லின் கோபுரத்தையும் டில்லித் தர்காவையும் போலவே, வசந்தத்துக்கென்று ஒரு கூட்டிசை உண்டு. அதன் பெயரே வசந்தன். கண்ணகி அம்மன் கோயில்களிலும் பிற தேவி கோயில்களிலும், சித்திரை வைகாசி மாதங்களில், சடங்கும் குளிர்த்தியும் நடைபெறும் காலத்தை ஒட்டி, பையன்களும் இளைஞர்களுமாகப் பன்னிரண்டு பேர் வட்டமாக நின்று, கையிலே கோல் பிடித்து, எதிரெதிரே திரும்பித் தட்டி, புகுந்தும் பிரிந்தும் ஆட, அண்ணாவியார் மத்தளம் அடித்து முதற்பாட்டை எடுக்க, சல்லரி பிடித்தவரும் பிற்பாட்டுக்காரரும் அதை வாங்கிப் பாடுவதே அதன் அமைப்பு. காப்பும் தெய்வ வணக்கமும் முதலில் நிற்கும். அவ்வளவுதான், அதன்பிறகு அனுமனின் சேட்டை வரும், குயிலை விளித்துப் பாடுவது வரும், வேளாண்மை செய்து நெல் வெட்டும் கதை வரும். பெருங்கூத்துகளிலே விடியும்வரை மன்னர்கள் போரிட்டு மடிந்துகொண்டிருக்க, வசந்தனிலே எவரும் மடிவதில்லை. கண்ணீருக்கும் அங்கே வேலையில்லை. குறுகிய பாட்டு, துரிதமான தாளம், சிரித்த முகம் என்பனவே அதன் இலட்சணங்கள்.

படித்தவர்கள் இந்தக் கலையை நெடுங்காலம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வித்தியாதரிசியாகப் பணியாற்றிய தி. சதாசிவ ஐயர் என்னும் பெரியார், பாடசாலைகளைப் பரிசோதிக்கச் சென்ற ஊர்களிலே மாணாக்கரின் கணக்கையும் வாசிப்பையும் மாத்திரம் பரிசோதித்துவிட்டு வராமல், அவ்வூரார் பாடிய வசந்தன் பாட்டுகளையும் கேட்டு, ஏடுகளைத் தேடி, 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' என்ற நூலாக 1940ஆம் ஆண்டிலே வெளிப்படுத்தினார். அவர் மட்டக்களப்பாரல்லர், யாழ்ப்பாணத்தார் என்பதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். நம் வீட்டுப் பொருளின் அருமையைப் பல வேளை விருந்தாளிதான் நமக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னர், 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதிய பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்களும், 1998இல் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்னும் விரிவான ஆராய்ச்சியைத் தந்த பேராசிரியர் சி. மௌனகுரு அவர்களும் இக்கலைகளுக்கு ஏட்டளவிலேனும் நிலையான ஆசனம் அளித்தனர்.

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைவரை ஒரே வீதியிலே தொடுத்தாற்போல் அமைந்திருக்கும் நம்முடைய முஸ்லிம் ஊர்களுக்கு வசந்தன் இல்லை, களிகம்பு இருக்கிறது. பொல்லடி என்றும் அதைச் சொல்வோம். இங்கேயும் வட்டமாகவே நிற்கிறார்கள். இங்கேயும் கோலொடு கோல் தட்டுகிறது. இங்கேயும் முன்னின்று எடுத்துக் கொடுப்பவருக்கு அண்ணாவியார் என்றே பெயர். அல்லாஹ்வைப் புகழ்ந்து, நபி பெருமானார் மீது ஸலவாத்துச் சொல்லி, சபையோருக்கு ஸலாம் உரைத்துத் தொடங்கும் பாட்டு, தாளம் ஏற ஏற இறைநேசர்களின் கதைகளுக்குள்ளும், அப்பால் மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணும் வரிகளுக்குள்ளும் புகுந்துவிடும். மெதுவாகத் தொடங்கிய அடி கடைசியிலே கண்ணால் பின்தொடர முடியாத வேகத்தை அடையும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவர்களின் கால் தானாகவே தரையைத் தட்டத் தொடங்கும். பெரியவர்களின் காலும் தட்டும், ஆனால் சாரத்துக்குள்ளே மறைவாகத் தட்டும்.

இந்த இரண்டுக்கும் இடையிலே உள்ள ஒரு வேற்றுமையை ஆராய்ந்து பார்த்தால் நம்முடைய ஊர்களின் இயல்பு விளங்கும். வசந்தன் சூரிய மாதத்தைப் பின்பற்றும் கோயில் விழாவோடு சேர்ந்தது; ஆதலால் அது என்றும் இளவேனிலிலேயே நிகழும். நம்முடைய பெருநாட்களும் கந்தூரிகளும் சந்திர மாதத்தைப் பின்பற்றுவன. சந்திர ஆண்டுக்கு 354 நாள். அதனால் ஒவ்வோராண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டிலே எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வந்துவிடும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே, நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் பெயரால் ஜமாதுல் ஆகிர் மாதத்திலே நடைபெறும் கொடியேற்று விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். றபானும் தாயிராவும் முழங்கப் பக்கீர்மார் கூட்டமாகப் பைத்துப் பாடும் அந்தப் பன்னிரண்டு நாளும் ஓராண்டு அடைமழையில் நனையும். வேறோராண்டு கச்சான் காற்றில் வறளும். ஆகையால் எந்தப் பெருநாளையும் வசந்தத்தோடு கட்டிவைக்க நம்மால் முடியாது.

ஆனால் நெல்லுக்குச் சந்திரக் கணக்குத் தெரியாது. மாரி போகம் மாசி பங்குனியிலேதான் முற்றும். அப்போதுதான் கையிலே காசு வரும். காசு வந்தபின்தான் கலியாணமும் சுன்னத்துக் கலியாணமும் வரும். கலியாணம் வந்தால் களிகம்பும் வரும். ஆக, நோன்பு குறுக்கிடாத ஆண்டுகளில், வானத்துப் பிறை கொண்டுவராத வசந்த விழாவை நமக்கு நம் வயல் வட்டைகளே கொண்டுவந்து தந்தன. போடியாரும் வயற்காரரும், உப்பட்டி கட்டியவரும் சூடு மிதித்தவரும், வாடியிலே இராக்காவல் இருந்து கவி பாடியவரும் என்று, ஆறு மாதம் வெயிலிலும் சேற்றிலும் ஒன்றாய்க் கிடந்தவர்கள் ஒன்றாய்க் கூடிச் சிரிப்பதற்குத் தேடிக்கொண்ட பொழுது அது.

அயலூர்த் தமிழருக்கும் நமக்கும் உள்ள ஒற்றுமை கோலோடும் தாளத்தோடும் முடிவதன்று. தாய்வழியாக வரும் குடிமுறை இரு சாராருக்கும் உண்டு. கோயிலை நிருவகிக்க வண்ணக்கர் இருப்பதுபோல் பள்ளியை நிருவகிக்க மரைக்கார் இருந்தார். மணவீட்டிலே அவர்களுடைய பெண்களும் குரவையிட்டார்கள், நம்முடைய மூத்தம்மாமாரும் குரவையிட்டார்கள். 1969 முதல் அக்கரைப்பற்றிலே தங்கியும் திரும்பத் திரும்ப வந்தும் ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலறிஞர் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். இடைக்காலத்திலே நேர்ந்த கசப்புகளை இந்தச் சபையிலே கிளற நான் விரும்பவில்லை. ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சியவர்கள் தாளத்தையும் பகிர்ந்துகொண்டார்கள் என்பதை மாத்திரம் குறித்துவிட்டுச் செல்கிறேன்.

இப்போது சங்கீத நுட்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேலைநாட்டார் நான்கு குரலிலே நான்கு மெட்டைப் பின்னிப் பாட, நம்மவர் எல்லோரும் ஒரே மெட்டையே பாடுகிறார்களே, இது குறைபாடல்லவா என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். குறைபாடு என்று நான் கருதவில்லை. இடம் வேறு, ஆதலால் முறையும் வேறு. கல்லாற் கட்டி, வளைவாக மூடிய தேவாலயத்திலே எழுப்பிய ஒலி உடனே அடங்கிவிடாது. சுவரிலே பட்டு, கூரையிலே தங்கி, அடுத்து வரும் ஒலியோடு கலந்து நிற்கும். நீண்டு நிற்கும் ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் ஆசை அத்தகைய கட்டிடத்துக்குள்ளே பாடுவோருக்கு எழுவது இயல்பேயாகும். நம்முடைய களரியோ திறந்த வெளி. தலைக்கு மேலே வானம், காலுக்குக் கீழே கடற்கரை மணல். மணல் ஒலியைத் திருப்பித் தராது, விழுங்கிவிடும். அங்கே பாட்டு நிலைக்க வேண்டுமானால், ஒருவர் பாடியதைப் பலர் வாங்கி மறுபடியும் பாட வேண்டும்; குரல் ஓயும் இடத்தைக் கோலின் ஓசை நிரப்ப வேண்டும். கற்சுவர் அவர்களுக்குச் செய்து கொடுத்த உபகாரத்தை நமக்குப் பிற்பாட்டுக்காரர் செய்து கொடுக்கிறார் என்பது என் துணிபு.

தமிழருக்குக் குழுவாகப் பாடுதலின் இலக்கணமே தெரியாது என்று எவரேனும் சொன்னால், அவரைச் சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏழு ஆயர் மகளிரை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரங்களின் பெயரையே அவர்களுக்கு இட்டு, எந்தச் சுரத்துக்கு எந்தச் சுரம் நட்பு என்பதை அவர்கள் நிற்கும் இடத்தினாலேயே இளங்கோவடிகள் காட்டிவிடுகிறார். இதன் நுட்பத்தைக் கணித முறையால் ஆராய்ந்து உலகுக்கு உரைத்தவர் எங்கோ பிறந்தவரல்லர். இதே வீதியிலே நிந்தவூரைக் கடந்தால் வரும் காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள். கண்ணகி கோயிலை உடைய ஊரிலே பிறந்தவர், கண்ணகியின் காப்பியத்திலே புதைந்து கிடந்த இசையைத் தோண்டி எடுப்பதற்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1947 ஜூன் மாதத்திலே சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அந்நூலின் தொடக்கத்திலே, மட்டக்களப்பு வாவியில் நிலாக்கால இரவிலே நீருக்குள்ளிருந்து எழும் இன்னோசையை அவர் நினைந்து பாடியிருக்கிறார். மீன் பாடுகிறதா, சிப்பி பாடுகிறதா என்று விஞ்ஞானிகள் விவாதிக்கட்டும். நம் நாட்டிலே நீர்வாழ் ஜந்துக்களுங்கூடத் தனித்துப் பாட விரும்பாமல் கூட்டமாகவே பாடுகின்றன என்று நான் ஆறுதலடைந்து கொள்கிறேன்.

இத்தகைய பாட்டு இப்போது எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். சினிமா வந்தது, தொலைக்காட்சி வந்தது, கைத்தொலைபேசி வந்தது என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது எளிது. எனக்குத் தோன்றும் காரணம் வேறு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், இங்கினியாகலையிலே ஆற்றை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கி, மழையை மாத்திரம் நம்பியிருந்த நம் வட்டைகள் பலவற்றுக்குக் கோடையிலும் நீர் தந்தது. அதனால் நெல் பெருகியது, பசி குறைந்தது. அந்த உபகாரத்தை மறப்பது நன்றியன்று. ஆனால் இரண்டாம் போகம் நிலைத்தவுடன், மாரி வெட்டு முடிந்த கையோடு வரம்பு கட்டவும் வாய்க்கால் வெட்டவும் ஓட வேண்டியதாயிற்று. பங்குனிக்கும் வைகாசிக்கும் இடையிலே கிடந்த அந்த நீண்ட ஓய்வு சுருங்கிற்று. பின்பு சூடு மிதித்த மாடுகளின் இடத்துக்கு உழவு இயந்திரம் வந்தது. இப்போது வெட்டுவதையும் அடிப்பதையும் தூற்றுவதையும் ஒரே பெரிய இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. களவெட்டியிலே முப்பது பேர் சேர்ந்து நின்று பாடிய பொலிப்பாட்டை, இயந்திரத்தின் ஆசனத்திலே தனியே அமர்ந்திருக்கும் சாரதி யாரோடு சேர்ந்து பாடுவார்? கூடிச் செய்யும் வேலை போனபோது கூடிப் பாடும் பாட்டும் உடன் போயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. அதிலே நமக்கும் பங்குண்டு. களிகம்பையும் வசந்தனையும் 'பாரம்பரியக் கலை' என்று பெயர் சூட்டி மேடையில் ஏற்றினோம். மந்திரிமார் வரும்போது ஐந்து நிமிஷம் ஆடச் செய்து, மாலை போட்டு இறக்கிவிட்டோம். வட்டமாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாட வேண்டியவர்கள், வரிசையாக நின்று படப்பிடிப்புக்காரரைப் பார்த்துப் பாடலானார்கள். மேற்கே அந்தச் சிறு பாடகர் குழுக்கள் இன்றும் உயிரோடிருப்பதற்குக் காரணம், அவை எவரையும் பிரமிக்கச் செய்வதற்காகப் பாடாமல், கிழமைக்கு ஒருமுறை ஒன்றுகூடிப் பயிலும் சந்தோஷத்துக்காகவே பாடுவதுதான். கேட்க இருபது பேர் வந்தாலும் போதும் என்கிறார்கள். பாடுகிறவர்களும் இருபது பேர் என்பதால் கணக்குச் சரியாகிவிடுகிறது!

2004 டிசம்பர் 26ஆம் தேதி இந்தக் கரையிலே கடல் ஏறியபோது, உயிர்களோடும் வீடுகளோடும் வீட்டுப் பெட்டகங்களும் போயின. பெட்டகங்களுக்குள்ளே பாட்டுக் கொப்பிகளும் இருந்தன. எஞ்சியிருப்பவை சில. நிந்தவூர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் அவர்கள் நம்முடைய கிராமத்து முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டிய அரும்பணி இல்லாதிருந்தால் இன்னும் எத்தனையோ மறைந்திருக்கும். அந்தப் பணியை ஒருவர் தோளிலேயே விட்டுவிடலாகாது. இங்கே ஆசிரிய மாணவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமன்று. உங்கள் வாப்பாவின் வாப்பாவோ, மூத்தம்மாவோ, அயலிலுள்ள ஒரு முதியவரோ களிகம்புப் பாட்டையோ கவியையோ பொலிப்பாட்டையோ முழுமையாகப் பாட வல்லவராயிருந்தால், வருகிற சித்திரை விடுமுறைக்குள்ளே அவர் எதிரில் போய் உட்காருங்கள். சட்டைப் பையிலிருக்கும் தொலைபேசியில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். வார்த்தைகளை எழுதி, பாடியவர் பெயரையும் ஊரையும் தேதியையும் தாளின் தலையிலே குறியுங்கள். வீட்டிலே பழைய கொப்பி இருந்தால் வாசிகசாலைக்குக் கொண்டுவந்து படியெடுக்கத் தாருங்கள். எடுத்தபின் கொப்பி உங்களுக்கே திரும்பி வரும். அடுத்து, பாடசாலைக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் என்று சேர்த்து, ஊரிலே இன்னும் இருக்கும் அண்ணாவிமாரைப் படலைக்குள்ளே அழைத்து வந்து, மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாமல், மாமரத்தடியிலே வட்டமாக நிறுத்திப் பயிற்றுங்கள். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் உள்ள வசந்தன் பிள்ளைகளையும் ஒருநாள் அழையுங்கள்; நம்முடைய பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள். அண்ணாவிமாரிலே பலருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இந்த வெட்டு முடிந்த ஓய்விலேயே தொடங்கிவிடுங்கள்.